இரண்டாவது சரணம் உன்னுடையது

தேக்கா சந்தையின் மேல்மாடித் தையல்கடையில் இன்று காலை ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கடையில் திடீரென்று நம் பாட்டு. யாரோ ஒரு புதுப்பெண், அதிரும் தாளத்தோடு பாடினாள். பல்லவி முடிவதற்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அக்கா, இன்னும் தோள் அளக்கல" என்று தையற்காரர் கூப்பிடக் கூப்பிட, "அப்புறம் வரேன்" என்று படியிறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தவள், அதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தித் திறந்துவிட்டேன்.

நம் அறிமுகமே இந்தப் பாட்டுக்கான சண்டைதானே? சமூக மன்றப் பாட்டுப் போட்டி. நம் அம்மாக்கள் காலத்துச் சினிமாப் பாட்டு. போனவன் வருவானா என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே இருப்பாள். நீயும் அதையே எழுதிக் கொடுத்திருந்தாய், நானும். "ஒரு பாட்ட ஒருத்தர்தான் பாடலாம். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க லா" என்றார் பெயர் பதிந்தவர்.

"நான் மாத்த மாட்டேன். நீங்க?" என்றாய்.

"நானும் மாட்டேன்."

"அப்ப பாதிப் பாதி."

பல்லவியும் முதல் சரணமும் எனக்கு, இரண்டாவது சரணம் உனக்கு. "தனிப்பாட்ட இப்படிப் பிச்சுட்டீங்களே" என்று நடுவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பரிசு இல்லை. பேருந்தில் ஏறிய பிறகும் நீ சிரிப்பை நிறுத்தவில்லை. 'நீங்க' அன்றைக்கே 'நீ' ஆகிவிட்டது.

அதன் பிறகு எத்தனை கல்யாண விருந்துகள்! எங்கே பாடினாலும் அதே பங்கீடுதான். அந்தப் பாட்டை வேறு யார் பாடிப் பதிவு செய்தாலும் நீ தேடிப் பிடித்துக் கேட்பாய். ஒருநாள் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சொன்னாய்: "இத்தனை பேரு கூப்பிட்டும் அந்த ஆளு வரலயே லா!"

நீ போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் உன் மகளுக்குக் கல்யாணம். "ஆண்ட்டி, அம்மா பாட்ட நீங்க பாடணும். ப்ளீஸ், நோ சொல்லாதீங்க" என்றாள். எப்படி மறுப்பேன்? பாடினேன். முதல் சரணம் வரை குரல் நடுங்கவில்லை. இடையிசை முடிந்தது. வாயைத் திறந்தேன்; சொல் வரவில்லை. இத்தனை வருடத்தில் அந்த வரிகளை நான் ஒருமுறைகூடப் பாடியதில்லை என்பது அந்த மேடையில்தான் உறைத்தது. கீபோர்டுக்காரர் இடையிசையைத் திரும்ப வாசித்தார். மறுபடியும் அதே கதை.

உன் மகள் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறி வந்தாள். "பரவால்ல ஆண்ட்டி, அம்மா பார்ட்ட அப்படியே விட்டுடுங்க" என்று காதில் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் சரணத்துக்கு இசை மட்டும் ஓடியது. சாப்பாட்டு மேசைகளில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. உன் கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் அழகாக இருந்தது என்றார்கள். எனக்கு மட்டும் ஆறவில்லை. உன் இடத்தை ஏன் காலியாக விட்டேன்? மறுநாளே தொடங்கிவிட்டேன். யார் யார் பாடியிருக்கிறார்களோ அத்தனையையும் கேட்டு, எம்ஆர்டி ரயிலிலும் சமையற்கட்டிலும் அந்தச் சரணத்தை முணுமுணுத்துப் பழகினேன். இப்போது முழுதாக வருகிறது.

ஆனால் மூன்றாவது வரியில், ஒரு சொல்லை நடுவில் உடைத்து மூச்சு வாங்குகிறேன். கேட்ட பதிவுகள் எதிலும் யாரும் அங்கே மூச்சு வாங்கவில்லை. நீ மட்டும்தான் வாங்குவாய், உனக்கு ஆஸ்துமா.

எனக்கு இல்லை.