இடது கைப் பக்கம் புயல்

வடக்குப்பட்டு,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, வேல்விழி எழுதுவது. உங்கள் முட்டுவலியும் அம்மாவின் தலைசுற்றலும் குறைந்திருக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன். தொண்டை கட்டியிருப்பதால் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

புயலன்று கம்பெனியில் ஒரு வேடிக்கை நடந்தது. காலையிலேயே வடக்கிலிருந்து வாடைக்காற்று வலுத்துவிட்டது. உற்பத்தி லைனில் பயந்துகொண்டிருந்தவர்களிடம் நான் கல்லூரியில் படித்ததைச் சொன்னேன். அழுத்தம் குறைந்த இடத்துக்குக் காற்று நேராக ஓடாது. பூமி சுழல்வதால் வலப்பக்கம் விலகும். உள்ளே தள்ளும் அழுத்தமும் விலக்கும் சுழற்சியும் சமமாகும்போது, காற்று அந்த இடத்தைச் சுற்றித்தான் வீசும். அதனால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயல் நம் இடது கைப் பக்கம் இருக்கும்.

இது சூப்பர்வைசர் நாகப்பன் காதில் விழுந்துவிட்டது.

"இன்னாமா, பெரிய சயின்டிஸ்ட்டா நீ? வெளிய போய் நின்னு, புயல் எங்க கீதுன்னு கையை நீட்டிக் காட்டு. நான் சொல்றவரைக்கும் எறக்கக் கூடாது" என்றார்.

மழையில் ஒரு மணி நேரம் கிழக்கே கை நீட்டி நின்றேன். கை நடுங்கியபோது சன்னலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். என் அறைத்தோழி பாண்டிச்செல்விதான் வீடியோ எடுத்தாள். இப்போது அது எல்லோர் போனிலும் சுற்றுகிறது. நானும் சிரித்தேன், அப்பா. நான் காட்டிய திசை சரிதான்.

கொஞ்சம் இருமல். சுக்கும் கருப்பட்டியும் அனுப்புங்கள். ஒரு போர்வையும் வேண்டும். இதுவரை பாண்டிச்செல்வியின் போர்வையில்தான் பாதியைப் போர்த்திக்கொண்டிருந்தேன்.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. ஊரில் யாராவது அந்த வீடியோவைக் காட்டினால், அது என் மகள் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

வேல்விழி