அவர் கண்ணும் கணக்குப் பரீட்சையும்

1952 மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து முற்றம் முழுக்க வைக்கோல். திருப்பிப் போட ஆளில்லை. நானும் மதினியும்தான்.

அவர் உள்ளறையில். இரண்டு கண்ணுக்கும் கட்டு. போன வாரம் களத்தில் கதிரடிக்கும்போது நெல் ஒன்று தெறித்து வலது கண்ணில் பட்டது. கசக்கியிருக்கிறார். மதினி அவருக்கு மூத்த அக்கா, புருஷன் போன பிறகு எங்களோடு இருக்கிறாள். "இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்று, அடுத்த வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டாள். இரண்டு நாள் அதுதான் மருந்து. பிறகு கண்ணே திறக்கவில்லை, சீழ். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கருவிழியில் புண்ணாம். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும் என்று நல்ல கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

ஏப்ரல் 5 திருவனந்தபுரத்தில் பரீட்சை. வணிகக் கல்லூரியில் இடம் கிடைக்க எழுதுவது. கோட்டாற்றில் அரிசி மண்டியில் கணக்கெழுதி அலுத்துப் போனவர். அந்தப் படிப்பு இருந்தால் பாங்கியிலோ கம்பெனியிலோ நுழையலாம். வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. இங்கிலீஷ் தாளைப் பற்றிக் கவலையில்லை, கணக்குத் தாள்தான் ஆளைக் கழித்துக் கட்டுமாம்.

சாயங்காலம் கூப்பிட்டார்.

"பகவதி, அலமாரில பச்சை அட்டை போட்ட புஸ்தகம் இருக்கும். எடுத்து வாசி."

"இங்கிலீஷுல்லா?"

"நீ ஒம்பதாம் கிளாஸ் வரைக்கும் போனவதான. எழுத்துக் கூட்டி வாசி, போரும்."

மூன்று கணக்கு வாசித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனேன். திரும்பி வந்தபோது தூங்கிவிட்டிருந்தார். எனக்கும் தூக்கம்தான்.

மார்ச் 5, புதன்

நாளைக்கு: உளுந்து காய வைக்க. கண் துடைக்கப் பஞ்சு. மதினிக்கு இடுப்புக்குத் தைலம். ரேஷன் கடை.

கணக்கு வாசிப்பது இப்போது கொஞ்சம் ஓடுகிறது. நான் இங்கிலீஷில் வாசிக்க வேண்டும், அவர் தமிழில் திருப்பிச் சொல்வார், எண்களை மட்டும் நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். பிறகு பேச்சில்லை. விரல்கள் போர்வையின் மேல் எழுதிக்கொண்டே இருக்கும். விடை சொல்வார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பார்த்து நான் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும்.

எல்லாக் கணக்கிலும் ஏ, பி என்று இரண்டு பேர். ஓயாமல் வேலை செய்கிறார்கள், சுவர் கட்டுகிறார்கள், நடக்கிறார்கள், ஒருவரை ஒருவர் முந்துகிறார்கள்.

"இவனுவளுக்கு வீடு வாசல் கெடையாதா?" என்றேன்.

"பரீட்சையில அத எல்லாம் கேக்க மாட்டான். நீ அடுத்தத வாசி."

மதினி அடுப்படியிலிருந்து, எனக்கும் கேட்கிற மாதிரி: "கண்ணு போயிக்கிட்டு இருக்கு, கணக்காம்."

விரித்த வைக்கோலில் பாதி அப்படியே கிடக்கிறது. யாரிடம் சொல்ல.

மார்ச் 7, வெள்ளி

தலைவலி. வட்டிக் கணக்கு. கூட்டு வட்டி வந்தால் அவருக்கு உற்சாகம், மண்டியில் தினமும் பார்க்கிறதுதானே. ரயில் கணக்கு வந்தால் முகம் சுருங்குகிறது. ரயிலில் ஏறினதே ஒரு தடவைதான், அதுவும் கல்யாணத்துக்கு முன் மதுரைக்குப் போனபோது.

இன்று ஒரு ரயில் கணக்கில் அவர் விடை சொல்லும் முன் எனக்கே தோன்றியது. சொல்லவில்லை. காத்திருந்தேன். அதே விடை. சும்மா ஒரு சந்தோஷம், கறி தாளிக்கும் வரை இருந்தது.

மதினி முத்தாரம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் நேர்ந்திருக்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

ஆஸ்பத்திரி. முதல் பஸ். அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியேற்ற, கண்டக்டர் சிடுசிடுப்பு. பின் சீட்டில் இரண்டு பெண்கள். "ரேஷன் அரிசியப் பொடைச்சா கல்லுதான் மிஞ்சுது." "மரச்சீனிக் கெழங்கத் தின்னு தின்னு பிள்ளையளுக்கு வயிறு ஊதிப் போச்சு."

கட்டை அவிழ்த்து வெகுநேரம் பார்த்தார் டாக்டர். மருந்து விட்டு மறுபடி கட்டச் சொல்லிவிட்டு என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். புண் ஆறுகிறது. ஆனால் ஆறின இடம் வெள்ளையாகத்தான் நிற்கும். வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. இடது கண் நன்றாக இருக்கிறது, அடுத்த தடவை கட்டை எடுத்துவிடலாம். இதையெல்லாம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பக்குவமாக எப்படிச் சொல்வது என்று டாக்டர் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டார்: "டாக்டர் என்ன சொன்னாரு?"

"புண்ணு ஆறுதாம்."

"பொறவு?"

"எடது கண்ணு கட்ட அடுத்த வாரம் எடுப்பாராம்."

பிறகு அவரும் கேட்கவில்லை. வழி நெடுக என் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தார். விரல் அடையாளம் பதிந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

நேற்று முழுக்க வாசித்தேன். என்னவென்று தெரியாமலே வாசித்தேன்.

இன்று தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் தனியாகப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று பதினைந்தில். அடியில் ஓட்டை, நிறைந்த தொட்டியை இருபது மணி நேரத்தில் காலியாக்கும். மூன்றும் திறந்திருந்தால் எப்போது நிறையும்? அவர் விரல் ஓடத் தொடங்கியது.

"பத்து," என்றார். "பாத்தியா, ஓட்டை இருந்தாலும் நெறஞ்சிரும்."

சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னேன். பக்குவமாகவெல்லாம் இல்லை. டாக்டர் சொன்ன வார்த்தையை அப்படியே.

போர்வை மேல் விரல் நின்றது. "திங்கக்கெழமையே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"ரெண்டு நாளா என்னத்துக்கு வாசிச்சுக்கிட்டு இருந்த?"

கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

மார்ச் 15, சனி

கஞ்சி கொண்டு வைத்தால் அப்படியே இருக்கிறது. "பரீட்சையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மண்டிக்காரரு ஒத்தைக் கண்ணனை வச்சிக்கிட்டா அதுவே பெரிசு." இந்த மூன்று நாளில் பேசினது இவ்வளவுதான். புத்தகம் கட்டிலுக்கடியில். இன்று பெருக்கும்போது எடுத்துத் தூசி தட்டினேன், திரும்ப அங்கேயே வைத்தேன்.

மதினியிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். எழுந்து தொழுவத்துக்குப் போனாள். மாட்டுக்குத் தீனி போடப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். நேரமாகியும் வரவில்லை என்று போய்ப் பார்த்தால் சாணி மேலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"நாந்தாண்ட்டி கெடுத்தேன். அண்ணைக்கே கொண்டு போயிருந்தா... அந்தப் பாலை இந்தக் கையால்லா விட்டுது."

எழுப்பிக் கூட்டி வந்தேன். சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் இருந்தது அவள்மேல், இத்தனை நாளும். இன்று தேடிப் பார்த்தேன், இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

இரண்டு பேர் சாப்பிடாத வீட்டில் நான் ஒருத்தி அடுப்படியில் ஒளிந்து நின்று தின்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

காலை முழுக்க மதினி வாசல் திண்ணையடியில் தலையில் கை வைத்தபடி. அழுகை இல்லை, ஒரு முனகல். மாடு கத்துகிறது, அதுகூட அவள் காதில் விழவில்லை.

அவர் கூப்பிட்டார். போனேன்.

"அக்கா என்ன செய்யுகா?"

சொன்னேன். தொழுவத்தில் நேற்று சொன்னதையும் சொன்னேன்.

"புஸ்தகத்த எடு."

எடுத்தேன்.

"சத்தமா வாசி. அக்காவுக்குக் கேக்கணும்."

வாசித்தேன். ஒரு வேலையை ஏ பத்து நாளில் முடிப்பான், பி பதினைந்து நாளில். இரண்டு பேரும் சேர்ந்தால்? அவர் ஊருக்கே கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னார். விடையையும் அப்படியே கத்தினார்: "ஆறு நாளு!"

முனகல் நின்றது. அடுத்த கணக்கு. அதற்கும் அதே சத்தம். தொண்டை கட்டிவிட்டது அவருக்கு. நாலாவது கணக்கின்போது வாசலில் நிழல். மதினி.

"ஏலே, அந்த ரெண்டு பேரு ஆறு நாள்ல எங்க முடிப்பானுவ? சேந்து நிண்ணா பேசிப் பேசியே பதினஞ்சு நாளாக்குவானுவ. நம்ம களத்துல பாத்தது இல்லையா?"

அவர் சிரித்தார். புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவை. மதினி சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "கஞ்சி ஆறிப் போச்சு, சூடாக்கித் தாறேன், குடிக்கியா?" என்றாள்.

"கொண்டா."

மத்தியானம் நான் படுத்துத் தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.

மார்ச் 22, சனி

இடது கண் கட்டு எடுத்து நாலு நாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். வலது கண்ணுக்குப் பச்சைத் துணி மறைப்பு.

ஒரு கண்ணுக்குப் பழகச் சிரமம். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறார். பேனாவை மைக்கூட்டில் விடப் போனால் மேசையில் குத்துகிறது. வரிகள் மேல்நோக்கி ஏறுகின்றன. ஆறு மாதம் போனால் பழகிவிடும் என்றாராம் டாக்டர். பரீட்சைக்கு இரண்டே வாரம்.

இனி அவரே வாசிக்கலாம். ஆனால் சீக்கிரம் கண் வலித்துவிடுகிறது. அதனால் பாதி அவர், பாதி நான். எனக்கு விடுதலை என்று நினைத்தேன், இல்லை.

ஏப்ரல் 5, சனி. திருவனந்தபுரம்

நேற்றே வந்தோம். அவரைத் தனியாக அனுப்ப மதினி சம்மதிக்கவில்லை, நானும் வந்தேன். தக்கலை தாண்டினதும் எனக்கு வாந்தி, களியக்காவிளையில் எலுமிச்சம்பழம் வாங்கித் தந்தார். அவருடைய பெரியப்பா மகன் வீட்டில் தங்கல். நல்ல மனுஷர்கள். மூட்டைப்பூச்சி.

பரீட்சை காலையில். வாசலில் மாமரத்தடியில் நான். கூட வந்தவர்கள் எல்லாருமே ஆண்கள். ஒருவர் மலையாளத்தில், "மோளுக்காணோ பரீட்சை?" என்று கேட்டார், எனக்கா என்று. இல்லை, அவங்களுக்கு என்றேன், பெயர் சொல்லாமல். யாருக்கு என்று அவருக்கு விளங்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டார்.

மணி அடித்து வெளியே வந்தவர்களில் கடைசி ஆள் இவர். கண்ணில் நீர் வடிகிறது. மரத்தடியில் உட்கார்ந்து கேள்வித்தாளை என்னிடம் தந்தார். இரண்டு கணக்கு தொடவில்லை, நேரம் போதவில்லை. மற்றதற்கு ஒவ்வொன்றாக விடை சொல்லிக்கொண்டே வந்தார், நான் தாளில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தேயிலைக் கணக்கு. அறுபத்து நாலு ராத்தல், இரண்டு தினுசு கலந்தது. "எட்டுக்கு அஞ்சுன்னு போட்டுருந்தான். கீழ பதிமூணு வந்து நிண்ணுட்டு, முழுசா வகுபடல. பின்னமாவே எழுதி வச்சேன். சரிதானா?"

தாளில் எட்டு இல்லை. மூன்று. மூன்றுக்கு ஐந்து. இருபத்து நாலும் நாற்பதும், அழகாக வகுபடும்.

ஒரு மூச்சு அளவுக்கு யோசித்தேன். அவ்வளவுதான்.

"எட்டு இல்ல. மூணு."

தாளை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"மூணுதான்," என்றார். பிறகு, "இதயும் நீ ரெண்டு நாளு கழிச்சுத்தான் சொல்லுவேன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு, தங்கியிருக்கிற வீட்டுக்கு பஸ் ஏறினோம். தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஆட்கள் பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருந்தது, எழுப்ப மனம் வரவில்லை.

மே 19, திங்கள்

முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று போன வாரமே தெரிந்தது. எழுதவில்லை, எழுதத் தோன்றவில்லை. மண்டிக்குப் போய் வருகிறார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லையாம், ஆனால் எழுதினதை இன்னொரு ஆள் சரிபார்க்கிறானாம்.

இன்று மத்தியானம் கார்டு வந்தது. இரண்டாவது பட்டியல். இடம் உண்டு. ஜூன் 16 கல்லூரி தொடக்கம்.

மதினி விளக்கேற்றினாள். அவர் கார்டை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னிடம் தந்து, "நீ ஒரு தடவ வாசி," என்றார். எண்ணெல்லாம் சரிதான் என்றேன்.

அங்கே இரண்டு வருடம். இங்கே கன்னிப்பூ நெல் விதைக்க வேண்டும், நானும் மதினியும். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

விடிய விடிய மழை. காலையில் விட்டது. ட்ரங்க் பெட்டி, படுக்கை, ஊறுகாய்ப் பரணி. மதினி வாசலோடு நின்றுகொண்டாள். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு வரை நான் போனேன்.

நல்ல கூட்டம். வலப்பக்க ஜன்னலோரம் அவருக்கு இடம் கிடைத்தது. நான் கீழே அந்த ஜன்னலுக்கு நேராகவே நின்றேன். கை நீட்டினால் எட்டும். பஸ் உறுமத் தொடங்கியது. அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படியும் இப்படியும் தேடுகிறார். இந்தப் பக்கம் பார்வை வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, நான் நிற்பது அந்தக் கண்ணின் பக்கம்.

இத்தனை ஆண்கள் நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா? சேறெல்லாம் மிதித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் ஓடினேன். டிரைவர் ஹாரன் அடித்துத் திட்டினான். குறுக்கே நின்று கையை உயர்த்தினேன்.

வீடு வரும்போது மறுபடி மழை. சேலை முழுக்கச் சேறு. மதினி அதைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை.

"பாத்துட்டுப் போனானா?"

"பாத்துட்டுத்தான் போனாவ, மதினி."