டில்லிக்கு நான் சொன்ன யோசனை

ஜனவரி 9, வியாழன்

எங்கள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவுப் பெண்கள் அடுத்த மாதம் டில்லி சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது நான் ஒருமுறை போய் வந்தவள். அதனால் இன்று சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் யோசனை கேட்டார்கள்.

"திங்கக்கிழமை மியூசியம் லீவு. பூட்டைப் பாத்துட்டு வராதீங்க. காந்தி சமாதிகிட்ட செருப்பைக் கழட்டணும். நம்ம கம்பெனி ஷூவா இருந்தா ரெண்டு பேரு காவலுக்கு நில்லுங்கடி" என்றேன். சிரித்தார்கள்.

"மியூசியத்துக்குத் தனியா மட்டும் போகாதீங்க. 'இங்க பாரேன்'னு சொல்றதுக்குப் பக்கத்துல ஆள் வேணும்." அதற்கும் சிரித்தார்கள்.

"என்னையும் இட்டுனு போங்கடி" என்றேன்.

"உனக்கு இன்னாக்கா, எல்லாம் பாத்தாச்சு! செத்துப்போன ராஜாங்களையும் கிண்டல் பண்ண வர்றியா?" என்றாள் பயண ஏற்பாடெல்லாம் பார்க்கிற ஷபானா. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை. நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நாளைக்கு ரயில் டிக்கெட் எடுக்கிறார்கள். காலையில் வேலை தொடங்குவதற்குள் ஷபானாவிடம் இன்னொரு தரம் கேட்டுவிட வேண்டும். சிரிக்காமல் கேட்க வேண்டும்.

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.