டீச்சரம்மா வீட்டுக் குட்டி

பிப்ரவரி 6

வீட்டுக்காரியின் ரிசல்ட் வந்துவிட்டது. சுத்தம். கட்டி எடுத்த இடத்திலும் வேறெங்கும் ஒன்றும் இல்லையாம். டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். எனக்கு இன்னொரு தடவை கேட்கவேண்டும்போல் இருந்தது. "இனிமே ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்றார். "அதுவரைக்கும் உங்க முகத்தைப் பாக்காம நான் எப்படிம்மா இருப்பேன்?" என்று கேட்டேன். வீட்டுக்காரி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நல்ல மிதி. பலம் வந்துவிட்டது.

கறிக்கடையைத் திறக்கவில்லை. ஆடுகளுக்கு ஒரு நாள் ஆயுசு கூடியது.

பிப்ரவரி 9

சுத்தம் என்று சொல்லியும் வாசற்படி தாண்ட மாட்டேன் என்கிறாள். கொட்டிய முடி இப்போதுதான் புல் மாதிரி முளைக்கிறது. வீட்டுக்குள்ளேயே தலைத்துணியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"கீழ போனா தையல்கடை அக்கா 'இப்ப எப்படிம்மா இருக்கு'ன்னு கேக்கும். எதிர்வீட்டம்மா உச்சுக் கொட்டும். எல்லாரும் என் நோவைத்தான் விசாரிக்கிறாங்க. ஒரு நாய்க்குட்டி இருந்தாலாவது அதை விசாரிப்பாங்க."

"நான் இருக்கேனே, என்னைக் கூட்டிட்டுப் போ."

"உங்களை யாரு விசாரிப்பா?"

அதுவும் சரிதான். ஆனால் அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு எத்தனை மாதம் ஆச்சு? வாங்கிக் கொடுத்தே தீரவேண்டும்.

பிப்ரவரி 11

நாய் டாக்டர் கறி வாங்கக் கடைக்கு வந்தார். எலும்பு வெட்டிக்கொண்டே யோசனை கேட்டேன். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை பாரம் தாங்காது, வெடுக்கென்று இழுக்கும் நாய் ஆகாது, சின்ன ஜாதிதான் சரி என்றார். பொமரேனியன் பார்க்கச் சொன்னார். "கொஞ்சம் குரைக்கும்." பரவாயில்லை, நான் பேசுவதைப் பொறுத்துக்கொண்டவள்தானே.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. தாயைக் காட்டாதவன்கிட்ட குட்டி வாங்காதீங்க."

பிப்ரவரி 15

மகள் போனில் தேடிப் பிடித்த ஆள் பெட்ரோல் பங்குக்கு வரச் சொன்னான். பைக்கில் வந்தான். காய்கறிப் பைக்குள் குட்டி. நல்ல காரியம் என்பதால் இவளும் ஆட்டோவில் முகத்தை மூடிக்கொண்டு வந்திருந்தாள்.

"இதோட அம்மா எங்கப்பா?"

"அது ஊர்ல இருக்குண்ணே."

"அப்பா?"

"அண்ணே, நாயா வாங்குறீங்க, பொண்ணா எடுக்குறீங்க?"

குட்டிக்கு வயிறு உப்பி, கண்ணில் பூளை. பல்லே சரியாக முளைக்கவில்லை, மூன்று மாதம் என்று சாதிக்கிறான். இவள் பாவம் பார்த்துக் கையை நீட்டிவிட்டாள். நான்தான் தடுத்தேன். இதை வாங்கினால் நாளைக்கே இன்னொன்றைப் பையில் போட்டு எடுத்து வருவான்.

பிப்ரவரி 16

"அந்தக் கண்ணு மனசை விட்டுப் போகலைங்க" என்கிறாள். எனக்கும்தான். சொல்லவில்லை.

பிப்ரவரி 22

நாய் டாக்டரே ஒரு இடம் சொல்லி அனுப்பினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர். வளர்க்கிற நாயை வருடத்துக்கு ஒரு தடவைதான் குட்டி போட விடுவாராம். வீடு பளிச்சென்று இருந்தது. கூடத்திலேயே தாய் நாய், அதன் மடியில் நான்கு குட்டி. கேட்காமலே ஊசி போட்ட சீட்டையெல்லாம் எடுத்துக் காட்டினார். "உள்ளங்கையில அடங்குற மாதிரி இருக்கிறதிலயே சின்னதாக் குடுங்க" என்றேன். "அப்படித் தேடாதீங்க. அது நோஞ்சானாத்தான் இருக்கும்" என்றார். அதில் ஒரு பழுப்புக் குட்டி இவள் புடவை நுனியைக் கடித்துக்கொண்டு விடவேயில்லை. இவள் அதை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சத்தமாக.

அப்புறம் டீச்சரம்மா கேள்வி கேட்க ஆரம்பித்தார். எங்கே தூங்க வைப்பீர்கள், பகலில் யார் இருப்பார்கள், என்ன தொழில்? நான் நாலாம் வகுப்போடு ஓடி வந்ததே டீச்சருக்குப் பயந்துதான்.

"கறிக்கடைங்கம்மா."

"சரி. நாய் எதுக்கு உங்களுக்கு?"

"கடையில சரக்கு குறைஞ்சா ஆகும்ல!"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சரம்மா குட்டியை இவள் மடியிலிருந்து தூக்கிக்கொண்டார். "நீங்க போகலாம்" என்றார்.

பிப்ரவரி 23

பேசவே மாட்டேங்குறா. சுவரைப் பாத்துப் படுத்திருக்கா. திட்டினாக்கூடத் தேவலை. ஏண்டா, உனக்கு எதுக்கு அந்த வாய்? ஆட்டு நாக்கை அறுத்து விக்கிறவன், உன் நாக்கை என்ன பண்ணப்போற?

பிப்ரவரி 24

காலையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "நீங்க பயந்தாத்தான் இப்படி உளறுவீங்க. எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

பிப்ரவரி 26

தனியாகப் போனேன். டீச்சரம்மா கேட்டைத் திறக்கவில்லை, கம்பிக்கு உள்ளே நின்றே, "மறுபடியும் என்ன?" என்றார். வாயில் மூன்று கிண்டல் வந்து நின்றது. மூன்றையும் விழுங்கினேன்.

"பயமா இருந்துச்சும்மா. நீங்க இல்லேன்னுடுவீங்களோன்னு. பயம் வந்தா எனக்கு வாய் தன்னால ஓடும். அவளை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனப்பவும் நர்ஸுங்களைச் சிரிக்க வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்..."

செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தலையில துணி அதுக்காகத்தானா?"

"ஆமாங்கம்மா. இப்ப சரியாயிடுச்சு. ஆனா வெளிய வரமாட்டேங்குறா."

கேட் திறந்தது. தாய் நாய் ஓடிவந்து என் கால்சட்டையை முகர்ந்து முகர்ந்து வாலை ஆட்டியது.

"அதுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"என்னை இல்லம்மா, ஈரலை."

டீச்சரம்மா சிரித்துவிட்டார். அப்பாடா!

மார்ச் 1

வீட்டைப் பார்க்க வந்தார். பால்கனிக் கம்பி இடைவெளியில் கைவிட்டுப் பார்த்து, "இங்க வலை அடிக்கணும்" என்றார். அடித்தாச்சு. "வளர்க்க முடியாமப் போனா என்கிட்டத்தான் திருப்பித் தரணும், வேற யாருக்கும் குடுக்கக்கூடாது" என்று என்னிடம் வாக்கு வாங்கினார். இவளிடம் கேட்கவில்லை. இரண்டு பேரும் அடுப்படியில் ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான்.

மார்ச் 8

அந்தப் பழுப்புக் குட்டி பால்குடி மறந்துவிட்டது, கூட்டிவந்தாச்சு. பெயர் கொசுறு. நான்தான் வைத்தேன், எடை போட்ட பிறகு கையோடு அள்ளிப் போடுகிற துண்டு மாதிரி இருந்தது. கன்னாபின்னாவென்று திட்டுவாள் என்று பார்த்தேன். "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றாள். கடைசி ஊசி போடும்வரை தெருவில் விடக்கூடாதாம். வாசல் ஆணியில், வெளியே போனால் கட்டிக்கொள்ள வைத்திருக்கும் தலைத்துணியோடு, கொசுறின் சின்னக் கயிறும் தொங்குகிறது.

மார்ச் 9

என் செருப்பு ஒன்று காலி. இடது.

ஏப்ரல் 12

வீடு முழுக்க அவள் குரல்தான். எனக்குத் திட்டு பாதியாகக் குறைந்தது, மீதியெல்லாம் கொசுறுக்கு. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

மே 2

கடைசி ஊசியும் ஆச்சு. "நாளைக்கு அதைக் கீழ கூட்டிட்டுப் போறப்ப நானும் வரட்டுமா?" என்றேன். கொசுறின் கழுத்தில் கயிற்றைக் கட்டி அளவு பார்த்தாள்.

மே 3

கடையை அடைத்துவிட்டு மதியம் வந்தால் வீடு நிசப்தம். ஜன்னலுக்கு ஓடினேன். கீழே தையல்கடை வாசலில் நிற்கிறாள். அந்த அக்கா தரையில் உட்கார்ந்து, "இதுக்கு என்ன பேரு? என்ன சாப்பிடும்? கடிக்குமா?" என்று கேட்பது மேலே வரைக்கும் கேட்கிறது. எதிர்வீட்டம்மாவும் வந்தாச்சு. இவள் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்கிறாள்.

கிண்டலாக ஒரு வார்த்தை கூவலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

வாசல் ஆணியில் கயிறு இல்லை. தலைத்துணி மட்டும் தொங்குகிறது.