சாக்கில் இருந்த சுனை

டீச்சர்,

இன்று காலை மலையிலிருந்து இறங்கி வந்து, நனைந்திருந்த சேலைக் கரையைப் பிழிந்தேன். சுனைச் சேற்று வாசம் வந்தது. நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த வாசத்தைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு வேறு ஆள் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்று, பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துப் பிழைத்தவள். நீங்கள் கடற்கரை ஊரிலிருந்து மாற்றலாகி வந்த உயிரியல் டீச்சர். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர், என் மேசை மேலிருந்த கண்ணாடிப் பாட்டிலைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்து குனிந்துவிட்டீர்கள். பாட்டிலுக்குள் நகத்தளவு இறால் போல ஒன்று, முதுகைக் கீழே போட்டு மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தது. மலை மேல் சின்னச் சுனையில் மழைக்குப் பிறகு சில வாரம் மட்டும் இருக்கும். சுனை வற்றினால் காணாமல் போகும். நான் அதற்கு மல்லாந்தான் என்று பெயர் வைத்திருந்தேன். புத்தகத்தில் இருக்கும் பெயரைச் சொல்லிவிட்டு, "ஆனா மேரி, நீ வச்ச பேருதான் நல்லாருக்கு" என்றீர்கள். அன்றைக்கு நான் எடுத்த அளவு தப்பு. அந்த ரவிக்கையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன்.

அதற்குப் பிறகு ஐப்பசிதோறும் நாம் மலை ஏறினோம். உங்களோடு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் டீ வடிகட்டியும் பாட்டிலுமாக வருவார்கள். மல்லாந்தான் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நமக்குள் ஓயாத வழக்கு. முட்டை காய்ந்த சேற்றுக்குள் உறங்குகிறது, மழை வந்தால் எழுந்துகொள்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. சித்திரை வெயிலில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது, அதில் எந்த முட்டை பிழைக்கும், கொக்கின் காலில் ஒட்டிக்கொண்டு வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அடித்துச் சொன்னேன். நீங்கள் புத்தகத்தைக் காட்டினீர்கள். புத்தகம் எழுதியவர் நம் மலைக்கு வந்தாரா என்று கேட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது. நாம் எழுதி வைத்த குறிப்புகளைப் பக்கத்துக் கல்லூரிக் கூட்டத்துக்குக் கொண்டுபோனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைக் காட்டி, "இந்தம்மா என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். உங்கள் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் என் கையெழுத்து. நீங்கள் பேசாமல் இருந்ததை நான் இன்னும் விடவில்லை. இறந்துவிட்டீர்கள் என்பதற்காக விடப்போவதும் இல்லை.

பிறகு ஒரு ஐப்பசியில் சுனை நிறைந்தும் மல்லாந்தான் குறைவாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் ஏழெட்டு. அதற்கடுத்த வருஷம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் பாறையில் சுற்றி நிற்க, எல்லார் முன்னாலும் உங்களைக் கேட்டேன்: "பாட்டில் பாட்டிலா அள்ளிக்கிட்டுப் போனீங்கள்ல டீச்சர், இப்ப திருப்தியா?" நீங்கள் எதிர்த்துப் பேசியிருக்கலாம். கல்லூரியில் போலவே இங்கேயும் வாய் திறக்கவில்லை. அதோடு பிள்ளைகளை மலைக்கு அழைத்து வருவதை நிறுத்திவிட்டீர்கள். ஓய்வு பெறும் வரை அழைத்து வரவில்லை. அதற்குப் பிறகும் என் கடைக்கு வந்தீர்கள், டீ குடித்தோம், எலும்பு வலி பற்றியெல்லாம் பேசினோம். மலை என்ற சொல் மட்டும் நம் இருவர் வாயிலும் வரவில்லை.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன்.

இந்த ஆனியில் என் கடை வாசலில் ஒரு வேன் நின்றது. ஒரு பல்கலைக்கழகத்தில் பரிணாமமும் சூழலியலும் படிக்கிற முதுகலைப் பிள்ளைகள் ஏழு பேர். சுனைகளைத் தேடி மலை மலையாகச் சுற்றுகிறார்களாம். கிழிந்த பை ஒன்றைத் தைக்க வந்த பெண்ணுக்கு மேகலா என்று பெயர், அறந்தாங்கிப் பக்கம். மல்லாந்து நீந்தும் இறாலைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாளே பார்க்கலாம். பையைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பேசினேன்.

அவர்கள் படிப்பைக் கேட்டால் எனக்கே பொறாமை வருகிறது டீச்சர். முதல் வருஷம் ஒரே ஆசிரியரிடம் ஒட்டிக்கொள்ள வேண்டியதில்லை. சில வாரம் எறும்பு, சில வாரம் தவளை, சில வாரம் மகரந்தம் என்று ஒவ்வொரு ஆய்வகமாக இருந்து பார்த்துவிட்டுப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். தனக்கென்று ஒரு கேள்வி இருந்தால் அதை எழுதிக் கொடுத்து, வண்டியும் கருவியும் கேட்டு வாங்கலாம். ஒருத்தி ஆறு மாதம் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் கூடி டீ குடித்துக்கொண்டே ஒருவர் வேலையை மற்றவர் கிழிக்கிறார்கள். முதல் வருஷப் பிள்ளை பேராசிரியரைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். இருபத்திரண்டு வயதில் நீங்கள் கேட்டதும் வீட்டில் மறுத்ததும் இதைத்தானே. ஒரு நாள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொல்லிவிட்டு, "பழைய கதை விடு" என்று முடித்துவிட்டீர்கள். நான் விடவில்லை, நினைவில் வைத்திருந்தேன்.

சேறு எடுக்க வேண்டும் என்று மேகலா சுனைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். அங்கே சேறு ஏது? பாறை பளிச்சென்று கிடந்தது. யாராவது சுரண்டினார்களா என்று கேட்டாள். நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

உங்களுக்கு இது தெரியாது. மலைக்கோயில் திருவிழாவுக்கு முன்னால் ஊர் கூடிப் பெரிய சுனையைத் தூர் வாருமல்லவா, சின்னச் சுனையை யாரும் சீண்ட மாட்டார்கள். நீங்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு வருஷம், மல்லாந்தான் நல்ல தண்ணீரில் இருக்கட்டும் என்று நானே அதைச் சுரண்டித் துடைத்து எடுத்தேன். என் வெட்டு மேசையை எப்படி வைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும், அதே சுத்தம். அடுத்தடுத்த கோடைகளிலும் செய்தேன். சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

மேகலா பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மேரிம்மா, முட்டை பூராம் அந்தச் சேத்துலதான் இருந்துருக்கும்" என்றாள், மெதுவாக. கொக்கைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். பாறையைத் தடவினேன், விரலில் ஒரு துளி மண் ஒட்டவில்லை. நீங்கள் சொன்னதை அவளும் சொல்கிறாள், அதைக் கேட்க நீங்கள் இல்லை.

பிறகு, அந்தச் சேற்றை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டாள். கொட்டவில்லை. எதையும் கொட்டும் பழக்கம் எனக்கு இல்லை. மல்லிகைத் தொட்டிகளுக்கு ஆகும் என்று உரச்சாக்கில் கட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் நனையாமல் அடுக்கியிருந்தேன். ஐந்து கோடை, ஐந்து சாக்கு. அந்தந்த வருஷம் மிஞ்சிய யூனிபார்ம் துணியால் வாய் கட்டியது.

"எது எந்த வருசம்னு தெரியுமாம்மா?"

"இது மெரூன் கட்டம், மொத வருசம். அடுத்தது பச்சை. அந்த நீலக் கோடு போட்டது கடைசி. துணிய மறப்பனா நானு?"

அந்தப் பிள்ளைகள் குதித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷத்து முட்டையையும் தனித்தனியே பொரிக்க வைத்து, மழை குறைந்த வருஷத்துக் குஞ்சுகள் சீக்கிரம் வளர்கின்றனவா, தலைமுறைக்குத் தலைமுறை ஏதாவது மாறியிருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமாம். அப்படி வருஷவாரியாகச் சேறு கிடைக்காமல் எத்தனையோ பேர் ஏங்குகிறார்களாம். என் தையல் அறையில் ஐந்து பேசின்களில் ஒவ்வொரு கரண்டி சேறு போட்டு மழைத்தண்ணீர் ஊற்றினோம். இரண்டாம் நாள் பூதக்கண்ணாடியில் புள்ளிகள் அசைந்தன. மெரூன் கட்டத்தில்தான் கூட்டம் அதிகம். நான் மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன் என்று அவர்கள் சொல்கிறார்கள். கண்ணில் தூசி என்று நான் சொன்னேன், இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போய் முன்னால் நிறுத்தினார்கள். பேராசிரியர் கடைசி வரிசையில் இருந்தார். யாரும் என் படிப்பைக் கேட்கவில்லை. சேற்றைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார்கள். நான் முதலில் சொன்னது இதுதான்: "ஒரு டீச்சர் சரியாச் சொன்னாங்க. நான் கேக்கல. அவங்களையே குத்தம் சொன்னேன். சுனைய அழிச்சது என் கை." அவர்கள் எழுதும் ஆய்வு அறிக்கையில் உங்கள் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து வருகின்றன. உங்கள் பெயர் முதலில் வர வேண்டும் என்று நானே சொன்னேன். கல்லூரிக் கணக்கு வேறு, இது வேறு.

ஆய்வுக்கு வேண்டிய பங்கை எடுத்துக்கொண்டு, மீதிச் சேற்றைப் புரட்டாசியில் சுனைக்கே கொண்டுபோய்ப் பரப்பினோம். வெயிலில் காய்ந்தது. பிறகு மழை. முழங்கால் வலியோடு நாள் விட்டு நாள் ஏறினேன். முதலில் கலங்கல் மட்டும்தான். இன்று விடிந்ததும் போனேன். தண்ணீர் தெளிந்திருந்தது. குனிந்தேன். மல்லாந்தான்கள் டீச்சர். எண்ண முடியவில்லை. வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, அத்தனை காலும் அலை மாதிரி அடிக்க, சுனை முழுக்க. பார்த்ததும் போன் செய்யச் சொல்லியிருக்கிறாள் மேகலா. இன்னும் செய்யவில்லை.

சனிக்கிழமை உங்கள் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்பு மலைக்கு வருகிறது. தலைமை ஆசிரியையிடம் நானே போய்க் கேட்டேன். முதுகலைப் பிள்ளைகள் லென்ஸோடு வருவார்கள். இத்தனை வருஷம் ஏன் யாரும் இங்கே வரவில்லை என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். யாரும் கேட்காவிட்டாலும் அதே பாறையில் நின்று, எல்லார் முன்னாலும் சொல்வேன். பிறகு அவர்கள் வேண்டிய மட்டும் அள்ளட்டும், பார்த்துவிட்டுத் திருப்பி விடட்டும். தண்ணீர் வடியும் மெல்லிய ஆர்கன்சா துணியில் ஆளுக்கொரு கைவலை தைத்து வைத்திருக்கிறேன். ஒன்று கூடுதலாக.