ப்ளக்கின் மூன்றாவது கால்

மச்சான்,

நேற்று திருச்சானூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் கிட்டாருக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் நின்றன. இரண்டின் ப்ளக்கிலும் மேலே இருக்க வேண்டிய தடித்த எர்த் பின்னைக் காணோம். யாரோ ரம்பம் போட்டு அறுத்திருக்கிறார்கள். அறுபட்ட பித்தளையைப் பார்த்ததும் நீ எதிரே வந்து நின்றாய்.

காணிப்பாக்கம் திருவிழாக் கச்சேரி. அன்று கூட்டம் ஒரு லட்சம். சரி, உன்னிடம் என்ன மறைப்பு, ஆயிரம் என்று வைத்துக்கொள். ஒரே கிட்டாரை இரண்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பிரித்து வாசிக்க வேண்டும் என்பது உன் பல வருஷத்து ஆசை. "ஒண்ணு பேசணும், ஒண்ணு உறுமணும்டா" என்பாய். எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஓட்டை போட்டு, ஒரு ஒயர் உள்ளே போய் இரண்டாக வெளியே வருகிற மாதிரி நீயே பெட்டி செய்தாய். நான் செய்ததாகத்தான் சித்தூர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

இரண்டையும் மாட்டியதும் ஒரே இரைச்சல். இரண்டு எர்த்தும் ஒயர் வழியாகச் சுற்றிச் சேர்ந்தால் அப்படித்தான் இரையும் என்றாய். குழுவுக்கு ஒயர் மாட்டுகிற, ஏழாவது வரை படித்த எஞ்சினியர் நான், சும்மா இருப்பேனா. நீ டீ குடிக்கப் போன நேரத்தில் இரண்டு பின்னையும் அறுத்துப் போட்டேன். இரைச்சல் நின்றது. மீசையை முறுக்கிக்கொண்டேன்.

நீ கிட்டாரை மாட்டிக்கொண்டு பாடுவதற்கு மைக்கில் உதட்டை வைத்தாய். சுரீரென்று ஷாக் அடித்துப் பின்வாங்கினாய். ப்ளக்கைப் பார்த்தாய், பிறகு என்னை.

"இன்னாடா பண்ணி வச்சிகீற?"

"சொம்மா வாசி மச்சான், ஒண்ணும் ஆவாது."

"எர்த் இல்லாத பொட்டிய நான் தொட மாட்டேன். நீயும் தொடாத, உயிர் பூடும்."

நம் இசைக்குழு முதலாளி கீழேயிருந்து, "ஏமப்பா, பயமா?" என்றார். நீ கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாய். யார் அறுத்தது என்று கேட்டார். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நானும் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாளே உன்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த மாதம் டப்பாவுக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, எர்த்தில் கை வைக்காமலே இரைச்சலை அடக்கினாய். வாசிக்கத்தான் மேடை இல்லை.

அதே முதலாளி நேற்று முன்வரிசையில் இருந்தார். நீ போய்ச்சேர்ந்ததை யாரோ சொல்ல, "அவனா? லேசா ஷாக் அடிச்சதுக்கு மேடைய வுட்டு ஓடின பயந்தாங்கொள்ளிதானே" என்றார். எழுந்து நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அறுத்தவன் நான், அவன் இறங்கியது என் உயிருக்கும் சேர்த்து என்றேன். சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கும் அந்த இரண்டு பின்னையும் காட்டினேன்.

எல்லோரும் சிரித்தார்கள் மச்சான். "செத்தவனுக்கு ஓசரம் இப்டிகூட அளப்பியா நைனா" என்று முதலாளி என் தோளைத் தட்டினார். ஊரெல்லாம் நான் அளந்ததை நம்பிய காதுகளுக்கு இது மட்டும் பொய்யாம். அன்றே நீ என் பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தக் கோபம் உன் மேலும் இருக்கிறது.

எதிர்க்கடையில் மூன்று கால் ப்ளக் இரண்டு வாங்கிவந்து நானே மாட்டினேன். மண்டபமே இரைந்தது. "ஆஃப் பண்ணுய்யா" என்றார் முதலாளி. இரையட்டும் என்றேன். நேற்று வாசித்த கிட்டார்காரர் ஷாக் அடிக்காமல் மைக்கில் உதட்டை வைத்தே கடைசிப் பாட்டு வரை பாடினார்.

பின் இரண்டும் சாவிக்கொத்தில்தான் இருக்கின்றன. இனி யார் கேட்டாலும் இந்த ஒரு கதையில் மட்டும் ஒரு சொல் கூட்ட மாட்டேன். நம்பும்வரை சொல்வேன்.