முன்னுரையோடு நின்ற மனு

செவ்வாய்க்கிழமை, இரவு.

எங்கள் தொகுதியின் மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர் இன்று பெற்றோரைச் சந்தித்தார். ஆளுக்கு இரண்டு நிமிடம். தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு அரசு பணம் கொடுக்க வேண்டாம், அதைப் பொதுப் பாடசாலைகளுக்கே ஒதுக்குங்கள் என்று வேண்டச் சென்றேன். இந்த நாட்டுக்கு வந்தபின் அகராதியின் துணையோடு நானே கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் மூன்று பக்கங்கள் எழுதியிருந்தேன்.

முதற் பக்கத்தில் அவரது பதவியின் மாண்பையும், இரண்டாவதில் கல்வியின் மேன்மையையும் போற்றியிருந்தேன். வாசித்தபடி மூன்றாம் பக்கத்தைத் திருப்புகையில் நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. அந்தப் பக்கத்தில்தான் நிலானி இருந்தாள்: காது சரியாகக் கேளாத என் மகள். அவள் படிக்கும் பொதுப் பாடசாலையில் பணம் போதாததால், அவளுக்கென்று வகுப்பிலிருந்த துணை ஆசிரியை இப்போது அரைநாள்தான் வருகிறார். நாங்கள் கேட்டுப் போன தனியார் பாடசாலையோ அவளைச் சேர்க்க மறுத்துவிட்டது.

திரும்பும் பேருந்தில், என்னோடு கூட்டத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு வசந்தி சிரித்தாள்.

"அக்கா, நீங்கள் வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ளை அடுத்த எலக்சன் வந்திடுமோ எண்டு பயந்திட்டன்."

"மரியாதை இல்லாமல் எப்பிடியடி தொடங்கிறது?"

"உந்த மரியாதையிலையே நேரம் முடிஞ்சுதே!"

வீட்டில் நிலானி என் உதடுகளையே பார்த்தபடி கேட்டாள்: "அம்மா, என்னைப் பற்றிச் சொன்னனீங்களோ?"

தலையாட்டினேன். அது பொய்.

அந்தப் பொய்யை மெய்யாக்கவே, களைத்த கையோடு, மின்னஞ்சலில் அனுப்ப ஒரே வரி எழுதியிருக்கிறேன்: தனியார் பாடசாலை என் மகளை மறுத்தது, அவளை மறுக்காதது உங்கள் பொதுப் பாடசாலை மட்டுமே, அதைக் கைவிடாதீர்கள்.

அதற்கு முன் நின்ற 'மாண்புமிகு' என்ற சொல்லை இருமுறை அழித்தேன். மறுபடியும் எழுதிவிட்டேன்.